பச்சை விளக்கும் பங்காளியும்

எங்கள் வயலை ஒட்டி எரிவாயுக் கிணறு வந்து பல வருஷமாகிறது. இரண்டு கோடைக்கு முன்னால் அதன் வேலிக்கு வெளியே, என் வரப்பில், ஒரு கம்பம் நட்டு அதில் பெட்டி மாட்டினார்கள். வாயு கசிந்தால் மோந்து சொல்லுமாம். பச்சை எரிந்தால் வயலில் இறங்கலாம். சிவப்பு எரிந்தால் ஊர்ப்பக்கம் ஓடிவிட வேண்டும்.

"நாத்தம் வந்தா எங்களுக்கே தெரியாதா தம்பி?" என்று கம்பெனி இன்ஜினியரிடம் கேட்டேன்.

"மண்ணுக்குள்ள இருக்கிற வாயுவுக்கு வாசனையே கிடையாதுங்கய்யா. சிலிண்டர்ல வர்ற நாத்தம் நாங்க சேர்க்கிறது."

எருவுக்காக வயலில் போட்ட கிடை ஆடா மாடா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஆட்டுக்கிடை வாசம் இரண்டு மழைக்கும் போகாது. அப்படிப்பட்ட மூக்கின்மேல் அன்று நம்பிக்கை போய்விட்டது.

பெட்டி யாருடையது என்றேன். "வெளிநாட்டுக் கம்பெனி. அவங்க முதல் போட்டு மிஷின் செய்றாங்க, நாங்க இடம் குடுக்கிறோம். பங்காளிங்கன்னு வச்சுக்கங்களேன். உங்க வரப்புல நிக்கிதே, நீங்களும் பங்காளிதான்" என்று சிரித்தார்.

வீட்டில் சொன்னேன். "நல்ல உறவுதான். செத்தா தீட்டுக் காக்கணும், பாத்துக்கங்க" என்றாள் என் மனைவி.

முதல் வருஷம் தண்ணீர் பாய்ச்சியதும் வேலியோரம் வரிசையாகக் குமிழி கிளம்பியது. மிதித்தால் சேறு குமிழி விடும். இது யாரும் மிதிக்காமல், ஒரு காலடி தூரத்துக்கு ஒன்றாக வந்தது. பச்சை எரிந்ததால் இறங்கினேன்.

இந்த வருஷம் வரிசை நடுவயலைத் தாண்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் விளக்கு பச்சையுமில்லை, சிவப்புமில்லை. அணைந்து கிடந்தது. இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்கய்யா, பங்காளி போயிட்டாங்க. அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

பங்காளி போய்விட்டால் எங்கள் பக்கத்தில் அடுத்த கேள்வி கிடையாது. வாய்க்காலில் தலைமுழுகி ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். யார் போனது என்று பதறிய மனைவி, சொன்னதும் சிரித்தாள்.

"அந்த வெளிநாட்டுக்காரங்க கூட்டை முறிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருப்பாங்க. அதைச் சொல்லியிருக்காரு. அவங்க உங்களைத் தலைமுழுகிட்டுப் போனா, நீங்க அவங்களுக்குத் தலைமுழுகிட்டு வந்து நிக்கிறீங்களே."

பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நாளைக்கு நடவுக்குப் பொம்பளைங்க வர்றாங்க. இறங்கலாம், வேணாம்னு இனிமே யாரு சொல்லுவா?"

மறுநாள் விடிந்ததும் வரப்பில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். சேற்று வாசம்தான். குமிழி நாற்றங்கால் வரைக்கும் வந்திருந்தது. நான் நகர்ந்தபோது எனக்கு நேரே ஒன்று கிளம்பியது. இன்னும் ஒரு எட்டு வைத்தேன். அங்கேயும் ஒன்று.

நடவுக்காரர்களை வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். வாயு கசிகிறதா என்று தெரியவில்லை என்றால் அவர்கள் இறங்கிவிடுவார்கள்.

"பங்காளி செத்துட்டான், தீட்டு" என்றேன்.

நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. தீட்டு என்றைக்குக் கழியும் என்று தினமும் கேட்டனுப்புகிறார்கள்.