காந்தத்தோடு வந்த வாசகர்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. புல்மோட்டையிலிருந்து நசீர் நானா. பின்னால் அவர் மனைவி பரீதா. நானா இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவராம். வாசகர் வீடு தேடி வந்தால் எந்த எழுத்தாளனுக்குத்தான் கசக்கும்? கதிரைகளைத் துடைத்துப் போட்டேன்.

நானா பையிலிருந்து மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். பேப்பரிலிருந்து வெட்டிய என் பத்தி. பலமான ஒரு காந்தம். கடதாசியில் மடித்த ஒரு பிடி மணல்.

அந்தப் பத்தி நான் ஒன்றரை மாதத்துக்கு முன்பு எழுதியது. காந்தத் தன்மையுள்ள நனோ துகள்கள் — கண்ணுக்கே தெரியாதவை. புற்றுநோய்க் கலங்களை அடையாளம் காணும் பூச்சைப் பூசி உடம்புக்குள் விட்டால், தேடிப்போய் அந்தக் கலங்களில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேன் எடுத்தால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

நானாவுக்குக் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவைப் பிரிக்கிற இடத்தில் வேலை. மேசையில் மணலைக் கொட்டி, மேலே காந்தத்தைப் பிடித்தார். கறுப்பு மணல் எழும்பி ஒட்டியது. வெள்ளை அப்படியே கிடந்தது.

"இதத்தானே சேர் எழுதினீங்க? கறுப்ப மட்டும் இழுத்து எடுக்கிறது. எங்கட வேலைதான். எந்த ஆஸ்பத்திரியில செய்யிறாங்க?"

கிளினிக் கொப்பியை நீட்டினார். பரீதாவின் மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. ஒப்பரேஷனுக்குக் கொடுத்த டேட் போய் மூன்று கிழமை. போகவில்லை... என் பத்தியை நம்பி!

கொப்பியை மூடி வைத்தேன்.

"நானா, அது இழுத்து எடுக்கிறதுக்கு இல்ல. எங்க இருக்கு எண்டு பார்க்கிறதுக்கு. அதுவும் எலிகளில செய்த பரிசோதனை."

"எலியா? இதில எலி எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே சேர்!"

இல்லைதான். முதலில் கடைசி வரியாக அதை எழுதியிருந்தேன். பத்தி என்றால் முடிவு நறுக்கென்று இருக்க வேண்டும் அல்லவா? எலியில் முடித்தால் சப்பென்று இருக்கும் என்று நானே வெட்டிவிட்டேன்.

பரீதா குறுக்கிட்டார்.

"அவர மட்டும் குறை சொல்லாதீங்க சேர். வெட்டாமச் சுகமாகும் எண்டு அவர் வாசிக்கக்குள்ள எனக்கும் ஆசையாத்தான் இருந்திச்சு. டேட் அண்டு விடியத் தலையிடி எண்டு படுத்தது நான்தான். இனிப் போனா ஏசுவாங்க. எனக்கு ஏச்சுக் கேக்க ஏலாது."

பார்த்தீர்களா? கத்திக்குப் பயந்து தள்ளிப் போட்டவர், இப்போது ஏச்சுக்குப் பயந்து இன்னும் தள்ளிப் போடப் பார்க்கிறார். நம் ஊரில் எத்தனை கிளினிக் கொப்பிகள் இப்படி அலுமாரிக்குள் கிடக்கின்றனவோ!

"நானும் வாறன். ஏசினா எனக்கு ஏசட்டும்" என்றேன்.

அடுத்த நாளே போனோம். ஏச்சு விழுந்தது. டொக்டருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாமலே, பத்தியை எழுதியவனுக்கும் சேர்த்துக் கொடுத்தார். கட்டி கொஞ்சம் பெருத்திருக்கிறதாம். இன்னும் செய்யலாம், ஆனால் இனிப் பிந்தக் கூடாது என்றார். வருகிற வியாழன் ஒப்பரேஷன். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வேறு யாராவது அந்தப் பத்தியை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால், இன்றைக்கே போங்கள். ஏச்சுக்குப் பயமா? சொல்லி அனுப்புங்கள் — வாங்கிக்கொள்ள நான் கூட வருகிறேன்.