யானைவேலிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது

என் சிவப்புப் பேனாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கதை உண்டு. "டீச்சரிட்டக் கொப்பியைக் குடுத்தா அம்மை போட்ட மாதிரித்தான் திரும்பி வரும்" என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அது காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். பெருமையாம், பெருமை! இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பூவரசங்குளத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடம். வவுனியாவிலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். ஏழாம் தரத்துக்குச் சக்தியின் வடிவங்களும் சக்தி முதல்களும் என்ற பாடம் வந்தபோது, வழக்கம்போல ஒரு அட்டவணை கொடுத்தேன். வீட்டில் சக்தி பயன்படும் ஐந்து இடங்களை எழுத வேண்டும். அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் எழுத வேண்டும். பிழை விட்டால் சரியான விடையைக் கீழே ஐந்து தரம் எழுதி, வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அது என் சட்டம்.

மூன்றாவது வாங்கில் ஒரு பெண்பிள்ளை இருப்பாள். பன்னிரண்டு வயது. தகப்பனின் ஆட்கள் மலையகத்துத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல் அவர்களுக்கு. கம்பி, வயர், மோட்டார் எதைக் கொடுத்தாலும் அந்த மனிதர் பார்த்தே பழகிக்கொள்வார். எங்கள் வகுப்பு மின்விசிறி நின்றுபோனபோது அவர்தான் வந்து கழற்றிப் பூட்டித் தந்தார்.

"புள்ள ஒழுங்கா படிக்குதுங்களா, டீச்சரம்மா?" என்று கதிரை மேல் நின்றபடியே கேட்டார்.

"படிக்கிறா. ஆனா சரியான அவசரக்குடுக்கை" என்றேன்.

"என்னய மாதிரிங்க" என்று சிரித்தார்.

அவளுடைய அட்டவணையில் அடுப்புக்கு விறகு என்று இருந்தது. ரோச்லைட்டுக்குப் பற்றரி. சைக்கிளுக்கு நேரே 'அப்பா' என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'அப்பா சாப்பிட்ட சோறு' என்று திருத்திவிட்டுச் சரி போட்டேன். கடைசி வரியில் 'யானைவேலி' என்றும், பக்கத்தில் 'வீட்டுக் கரண்ட்' என்றும் இருந்தது.

பிழை என்று பெரிய புள்ளடியாகப் போட்டேன். யானைவேலி சோலரில் ஓடுவது. வெயில் பனலில் பட்டு, பற்றரியில் சேர்ந்து, கம்பியில் கரண்டாக விட்டு விட்டுப் பாயும். யானை தொட்டால் வெருண்டு ஓடும், சாகாது. நான் படிப்பித்தது அதைத்தான்.

"என்னடி இது? ஆர் யானைவேலிக்கு வீட்டுக் கரண்ட் குடுக்கிறது?"

"எங்கட வேலி அப்பிடித்தான் டீச்சர்."

"வாய் காட்டாத. சூரியன் எண்டு அஞ்சு தரம் எழுதி, கொப்பரிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா."

வகுப்பு சிரித்தது. அவள் தன் வாங்கில் இருந்துவிட்டாள்.

'எங்கட வேலி' என்று அவள் சொன்னது என் காதில் நன்றாகத்தான் விழுந்தது. நானும் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவள்தான். மெயின் லைனிலிருந்து வயலுக்குக் கம்பி இழுத்தவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத ஆள் இல்லை. அந்த வருடம் உரமும் கிடைக்கவில்லை, காலபோக நெல் பாதிதான் தேறியது. அந்தப் பாதியைத் தின்னவும் யானை வந்து நின்றது. ஒரு நிமிடம், ஒரேயொரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பின்னேரம் ஸ்கூட்டியை அவர்கள் வீட்டுப் பக்கம் திருப்பி, "உந்த விசர் வேலை வேண்டாம், கழட்டுங்கோ" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். என் வாய்க்கு அது பெரிய வேலையா? எனக்கோ விடைதான் கண்ணில் பட்டது.

மறுநாள் கொப்பி வந்தது. 'யானைவேலியின் சக்தி முதல் சூரியன்.' ஐந்து தரம். கீழே தகப்பனின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி எழுதியது. நான் திகதி போட்டு மூடினேன்.

நாட்டில் கரண்ட் வெட்டு நடந்த மாதங்கள் அவை. இரண்டு கிழமை கழித்து ஒரு காலை, இரண்டாம் பாடவேளையில் கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து, தலைக்கு மேலே மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது.

"ஏ! கரண்ட் வந்திட்டுது!" என்று முழு வகுப்பும் கை தட்டியது. நானும் தட்டினேன்.

"சரி சரி, இப்ப சொல்லுங்கோ. மின்சக்தி என்னவா மாறுது?"

"இயக்கசக்தி!" என்று கத்தினார்கள். எல்லாரையும்விட அவளுடைய குரல்தான் பெரிதாகக் கேட்டது.

அரை மணித்தியாலம் கழித்து அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். விடியப்புறம் யானை வேலிக் கட்டை ஒன்றைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. கரண்ட் இல்லைத்தானே என்று, வீட்டில் கொளுவியிருந்த வயரைக் கழற்றாமலே அவளுடைய தகப்பன் வயலுக்குப் போயிருக்கிறார். கம்பியைக் கையில் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கரண்ட் வந்திருக்கிறது. நாங்கள் கை தட்டிய அதே நேரம்.

செத்த வீட்டில் தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "புள்ளய மட்டும் விட்டுறாதீங்க டீச்சரம்மா" என்று அழுதா. 'எனக்குத் தெரிந்திருந்தது, உங்கள் பிள்ளை எனக்குச் சொன்னவள்' என்று நான் அவவுக்குச் சொல்லவில்லை. சொல்லத் துணிவு வரவில்லை. ஸ்கூட்டியைக் குளக்கட்டில் நிற்பாட்டிவிட்டு, ஐயோ ஐயோ என்று தலையில் அடித்து அழுதேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு அவள் பள்ளிக்கூடம் வந்தாள். இடைவேளைக்கு எல்லாரும் வெளியே ஓட, அவள் மட்டும் விஞ்ஞானக் கொப்பியோடு என் மேசைக்கு வந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"டீச்சர், நான் முதல் எழுதினது சரிதானே?"



"ஓம் பிள்ளை. நீ எழுதினதுதான் சரி. நான்தான் பிழை."

"அப்பா இதை வாசிச்சிட்டுச் சிரிச்சவர் டீச்சர். டீச்சருக்குத் தெரியாம இருக்கிறதே நல்லம் எண்டவர். இல்லாட்டி வந்து பேசுவாவாம், பிறகு வேலியைக் கழட்ட வேண்டி வருமாம்."

கழற்றியிருப்பார். நான் போய்ப் பேசியிருந்தால் அந்த மனிதர் கழற்றியிருப்பார்.

அந்தப் புள்ளடியை வெட்டிச் சரி போடவாவது வேண்டும் என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். கொப்பியைத் தொட்டதும், அவள் வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர், மை பட்டிடும். இதில அப்பான்ர சைன் இருக்கு."