மூன்றாவது ஆட்டத்தில் போன குரல்

அன்றைக்கு டிவி முன்னால் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், அக்கா இருந்தாள். கட்டிடங்களில் சென்ட்ரிங் வேலைக்குப் போகும் அக்கா வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். எதிர் போர்ஷன் அக்கா இட்லி மாவு கரைத்த கையோடு நிலைப்படியில் நின்றிருந்தார். நான் மட்டும் இல்லை. பூந்தமல்லியைத் தாண்டி ஒரு ஸ்டூடியோவில், காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தேன். டிவியிலும் என்னைப் பார்க்க முடியாது. கபடி வர்ணனை சொல்கிறவன் முகத்தை யாரும் காட்டுவதில்லை. அவர்களுக்கு வந்துகொண்டிருந்தது என் குரல் மட்டும்தான். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது அதுவும் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் நாங்கள் வேலைக்காக ஒரு செங்கல் சூளையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தோம். என்னைத் தூக்கிவைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிறகு அம்பத்தூர் வந்தோம். அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடு ஏற்றினார், அம்மா அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள், நான் படித்தேன். கல்லூரியில் தமிழில் பேசச் சொன்னால் கை தூக்குகிற பையன் நான்தான். அந்தப் பழக்கத்தில் ஆவடிப் பக்கம் மேட்ச் நடக்கும் இடங்களில் போய் நிற்பேன். ஒருநாள் சவுண்டு சர்வீஸ்காரர் தொண்டை கட்டிக்கொண்டது என்று மைக்கை என் கையில் திணித்தார். அதற்குப் பிறகு அவர் திரும்பக் கேட்கவே இல்லை. கிரிக்கெட், கபடி, எது நடந்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். யாரோ எடுத்த வீடியோ எங்கெங்கோ சுற்றி ஒரு தமிழ் விளையாட்டுச் சேனலின் தயாரிப்பாளரிடம் போயிற்று.

"மூணு மேட்ச் பண்ணுங்க ப்ரோ" என்றார் அவர். "செட் ஆச்சுன்னா அடுத்த சீசன் முழுக்க நீங்கதான்."

எஸ்டேட் கிடங்கில் பார்கோடு ஒட்டும் வேலையில் இருந்தேன். லீவு தரமாட்டோம் என்றார்கள். வேலையை விட்டேன். வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. டிவியில் பேசப்போகிறவன் ஸ்டிக்கர் ஒட்டுவானா என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் தெற்கே எங்கோ ஓர் உள்ளரங்கில் நடக்கும். நாங்கள் ஒட்டுப்பலகை அறையில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, திரையைப் பார்த்துப் பேசுவோம். நாங்கள் என்றால் இரண்டு பேர். பக்கத்தில் ஒரு முன்னாள் ஆட்டக்காரர், மாநில அணிக்கு ஆடியவர். ஒரு பிடி ஏன் விழுந்தது, ஏன் விடுபட்டது என்று அவர் விளக்குவார். ஓடுகிற ஆட்டத்தோடு கூடவே ஓடிக் கத்துவது என் வேலை. முதல் நாளே என் முழங்காலில் தட்டிச் சொன்னார்: "தம்பி, எனக்குப் பேரு இருக்கு. நான் சும்மா உக்காந்திருந்தாலும் வச்சுக்கிருவாய்ங்க. ஒனக்குத் தொண்டைதான் இருக்கு. பாத்துச் செலவழி."

எனக்கு அப்போது அது புரியவில்லை. மைதானத்தில் நாள் முழுக்கக் கத்தியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. ஆனால் மைதானத்தில் கூட்டம் சேர்ந்து கத்தும். நாம் பாதி வேலை செய்தால் போதும், மீதியை அவர்கள் செய்துவிடுவார்கள். பஞ்சு ஒட்டிய அறையில் நம் குரல் நமக்கே திரும்பி வராது. எவ்வளவு கத்தினாலும் போதாததுபோல இருக்கும். காதிலோ தயாரிப்பாளர் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார்: "ஏத்துங்க ப்ரோ. இன்னும் ஏத்துங்க. இன்னும்."

ஏற்றினேன். முதல் ஆட்டம் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்று கை தட்டினார். வீட்டுக்கு வந்தால் அம்மா கன்னத்தை வழித்தாள். "மொதல்ல நீன்னே தெரியல நைனா. யாரோ பெரிய ஆளு பேசறா மாரி கீதேன்னு பாத்தேன்."

இரண்டாவது ஆட்டத்தில் மேலே போகும்போது குரல் வெறும் காற்றாக வந்தது. பக்கத்தில் இருந்தவர் இடையில் புகுந்து புகுந்து காப்பாற்றினார். மறுநாள் காலையில் அம்மா என்று கூப்பிட்டேன். உதடு மட்டும் அசைந்தது.

பனங்கற்கண்டு, மிளகு, சுக்கு, அதிமதுரம் எல்லாம் ஆனது. நான் கிசுகிசுத்துப் பேசினேன். என்னைப் பார்த்து வீட்டில் எல்லோருமே கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். அப்பா வாசலில் கீரைக்காரியிடம்கூடக் கிசுகிசுவென்று விலை கேட்டார்.

அம்பத்தூரில் தொண்டை டாக்டரைப் பார்த்தோம். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, திரையில் என் குரல்நாண்களைக் காட்டினார். வெளுத்த இரண்டு பட்டைகள். ஒன்றில் சிவப்பாக ஒரு வீக்கம். "மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் நாணை இழுக்கும். ஏதாவது வேணும்னா எழுதிக் காட்டுங்க" என்றார்.

எழுதி யாரிடம் காட்டுவது? அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்துத் தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சைகையில் சொல்லப் பார்த்தேன். மூன்று விரலைக் காட்டி, வாயைப் பொத்திக் காட்டினேன். அவள் முகம் வெளிறிப்போனது. மூன்று நாளில் நான் இல்லாமல் போய்விடுவேன் என்று புரிந்துகொண்டாள்போல.

செல்போனில் தட்டச்சு செய்தால் அது படித்துக் காட்டும் என்று அப்புறம்தான் தோன்றியது. ஒரு பெண் குரல், சுத்தமான புத்தகத் தமிழ். "அம்மா, பயப்பட வேண்டாம். மூன்று வாரங்கள் பேசாமல் இருந்தால் குணமாகிவிடும்."

அம்மா செல்போனை முறைத்தாள். "யாருடா இவ? நூஸ் படிக்கறவளா?"

"நான்தான் அம்மா பேசுகிறேன்" என்றது செல்போன்.

"நீ எங்கடா பேசற? இவ பேசறா."

இரண்டு நாளில் பழகிவிட்டது. நான் தட்டச்சு செய்வதற்குள் அப்பாவுக்குப் பொறுமை போய்விடும். "அந்தம்மாவண்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு" என்பார். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொண்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து, தலைமாட்டில் இருந்த செல்போனைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக் கேட்டாள்: "ஏம்மா, என் புள்ளைக்குக் கொரல் வந்துடும் இல்ல?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மூன்றாவது ஆட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை. தள்ளிவைக்க முடியுமா என்று தயாரிப்பாளருக்குச் செய்தி அனுப்பினேன். "லைவ் ப்ரோ. முடியலன்னா சொல்லுங்க, இன்னொரு பையன் ரெடியா இருக்கான்" என்று பதில் வந்தது.

செல்போனிலிருந்த பெண் அதை வீட்டில் படித்துக் காட்டினாள். அம்மா உடனே சொன்னாள்: "வாணாம் நைனா. ஒடம்பு இருந்தாத்தான் எல்லாம்."

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "லோடுக்கு முதுவு வலின்னு ஒரு நாளு படுத்தா, அடுத்த நாளு என் எடத்துல வேற ஆளு நிப்பான். கான்ட்ராக்டருக்கு என் மூஞ்சியே மறந்துரும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். நீ படிச்சவன், பாத்துக்க."

"முடியும்" என்று தயாரிப்பாளருக்கு அனுப்பினேன்.

கச்சேரிக்கு முன்னால் பாடகர்கள் ஓர் ஊசி போட்டுக்கொள்வார்கள், வீக்கத்தை அமுக்கிவிடும் என்று ஸ்டூடியோவில் ஒலி பார்க்கிறவர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐயப்பன்தாங்கலில் இறங்கி, ஒரு சின்ன கிளினிக்கில் கேட்டேன். அவர்கள் குழாய் எதுவும் விட்டுப் பார்க்கவில்லை. போட்டார்கள். அடுத்த பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது மெல்ல ஒரு சத்தம் எழுப்பிப் பார்த்தேன். குரல் வந்தது. என்னுடைய குரல்தான், விரிசல் இல்லாமல். அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் செய்தேன்.

"யாரு?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது.

அன்றைக்குப் பேசியதுபோல நான் எப்போதும் பேசியதில்லை. தயாரிப்பாளர் காதில் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. புள்ளிகள் சமமாக நின்றன. கடைசி நான்கு நிமிடம். ஒரு சின்னப் பையன், புதிதாகச் சேர்ந்தவன், பாடிக்கொண்டு உள்ளே போனான். நான்கு பேர் அவனைச் சுற்றி வளைத்தார்கள். கோட்டைத் தொட அவன் கையை நீட்டினான். நான் ஏற்றினேன்.

வலி இல்லை. நூல் ஒன்று அறுந்ததுபோல இருந்தது, பிறகு தொண்டைக்குள் வெதுவெதுப்பு. என் வாய் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை.

"மைக்! மைக் போயிடுச்சு!" என்றது காதில். ஒலி பார்க்கிறவர் ஓடிவந்து ஹெட்செட்டை மாற்றினார். "பேசுங்க ப்ரோ, பேசுங்க, பேசுங்க!" நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். என் மைக்கைக் கையால் மூடிவிட்டு அவரே ஆரம்பித்தார். வாழ்நாளில் ஓடும் ஆட்டத்தைச் சொல்லிப் பழகாதவர். "போறான்... தொட்டுட்டான்... புடிச்சுட்டாய்ங்க... இல்ல, கை கோட்டுல இருக்கு... வந்துட்டான்யா." அவருடைய இடது கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்பா எழுந்துபோய் டிவியின் பக்கவாட்டில் அடித்தார். மாமா சத்தத்தைக் கூட்டினார், கூட்டிக்கொண்டே போனார். பிறகு கேபிள்காரருக்குப் போன் போட்டார்: "இன்னா அண்ணாத்தே, எங்க ஊட்ல பாதிக் கொரலுதான் வருது."

"பாதிக் கொரல் எப்டி மாமே வரும்? வந்தா முழுசா வரும், இல்லாங்காட்டி வராது."

"ஒர்த்தர் பேசறது கேக்குது. எங்க ஆளு பேசறதுதான் கேக்கல. நீ வந்து பாரு."

அம்மா தரையிலிருந்து எழுந்து மாமாவிடமிருந்து போனை வாங்கி வைத்தாள். "கேபிள் இல்ல. புள்ளைக்கு இன்னாவோ ஆயிடுச்சி" என்றாள்.

நாணுக்குள் ரத்தம் கசிந்து கட்டியிருந்தது. ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் அம்பத்தூர் டாக்டர். ஊசியைப் பற்றித் தட்டச்சு செய்து காட்டியபோது நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் செய்வார்கள். ஆனால் அங்கே கிடைத்த தேதி சீசன் தொடங்கிய பிறகுதான் வந்தது.

தயாரிப்பாளர் கெட்டவர் இல்லை. அவரே போன் செய்தார். பேச முடியாது என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். "சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு சாம்பிள் அனுப்பிடுங்க ப்ரோ. அதுவரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்."

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரித் தேதியைப் பற்றி அவர் பேசவில்லை. அம்பத்தூரில் நாங்கள் இருந்த வீடு போக்கியத்துக்கு எடுத்தது. மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருந்தோம். வீட்டுக்காரரிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். நான் தட்டச்சு செய்து தடுக்கப் பார்த்தேன். செல்போன் பெண் "அப்பா, இது வேண்டாம்" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. பெட்டி படுக்கையோடு வேப்பம்பட்டுக்கு வாடகை வீட்டுக்குப் போனோம். ஆபரேஷன் பூந்தமல்லியில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது.

வாரக்கணக்கில் ஊமையாக இருந்து, பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். குரல் வந்தது. கடையில் சாமான் கேட்க, ரயிலில் இடம் கேட்க, அம்மாவைக் கூப்பிடப் போதுமான குரல். அதற்கு மேலே ஏற்றினால் இரண்டாகப் பிளக்கிறது. பழைய ஆட்டம் ஒன்றை ஓடவிட்டுப் பேசிப் பதிவு செய்தேன். திரும்பத் திரும்பப் பேசினேன், கொஞ்சமாவது நன்றாக வந்ததை அனுப்பினேன்.

"பேச்சு தெளிவா இருக்கு ப்ரோ" என்றார் தயாரிப்பாளர். பிறகு, "ஏறல" என்றார்.

சீசனின் முதல் ஆட்டத்தை வேப்பம்பட்டில் பார்த்தோம். வேண்டாம் என்று அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். இன்னொரு பையன் பேசினான். "இவனும் நல்லாத்தான் பேசறான்" என்றாள், எனக்குத் துரோகம் செய்வதுபோன்ற குரலில். நன்றாகத்தான் பேசினான். முதல் ரெய்டிலிருந்தே உச்சத்தில் இருந்தான், இறங்கவே இல்லை. இரண்டாம் பாதியில் அவனுடைய சில சொற்களின் ஓரத்தில் காற்று ஒழுகுவது எனக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்டிருக்காது. அவனுக்குச் சொல்லலாம் என்றால் என்னிடம் அவன் நம்பர் இல்லை. இருந்தாலும் இடம் போன பொறாமையில் சொல்கிறேன் என்றுதான் நினைப்பான்.

அப்பா இப்போது இருட்டோடு எழுந்து ரயில் பிடித்து அதே எஸ்டேட்டுக்கு லோடு ஏற்றப் போகிறார். பாத்திரம் தேய்த்த வீடுகள் தூரமாகிவிட்டதால் அம்மா அவற்றை விட்டுவிட்டாள். நான் பழைய கிடங்கில் மறுபடி கேட்டேன். என் இடத்தில் வேறு ஆள் இருந்தான். ஆபரேஷன், மயக்க மருந்து, அறை வாடகை, பேச்சுப் பயிற்சி, வீடு மாற்றிய வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக்கு ஆன செலவு ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூறு ரூபாய்.