ஒரு பீடி நேரத்தில் பன்னிரண்டு வருடம்

நத்தம் சாலையோரப் புளியந்தோப்பில் திருவிழா நாடகத்துக்குப் பட்டப்பகலில் ஒத்திகை நடக்கிறது. மனைவியை விட்டுப்போகும் கணவனாக நடிப்பவன் மரத்துக்குப் பின்னால் போய் ஒரு பீடி குடிக்கிறான். கதைப்படி அதுதான் பன்னிரண்டு வருடம். திரும்பி வந்ததும் மனைவி அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது. நான் வீட்டை விட்டுப் போயிருந்தது ஆறு வருடம்தான்.

"எல்லா நாடகமும் இதானே அப்பு. போனவன் வருவான், பொண்டாட்டி மன்னிச்சிருவா," என்கிறாள் மாங்காய் விற்கும் அக்கா.

"எம்பொண்டாட்டி கதவே தொறக்கலக்கா."

"அவளுக்கு யாரு வசனம் எழுதுனா? இவளுக்கு எழுதுனது ஆம்பளையாச்சே!"

அழுகை போதவில்லை என்று நாடக வாத்தியார் மறுபடி நடிக்கச் சொல்கிறார். அவன் அடுத்த பீடியோடு மரத்துக்குப் பின்னால் போகிறான். பாவி, அவனுக்கு மட்டும் இன்னொரு தடவை.