முடிஞ்சாக்கா

சமையலறையில் ஒரு டம்ளர் உருண்டு விழுந்தது. கணவர் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பர்சனல் ஆபீசர், தொழிற்சாலையின் ஷிப்ட் நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா சார்."

"'முடிந்தால் வெட்டு மெஷினின் காப்புத் தகட்டைப் பார்க்கவும்.' இப்படி எழுதினா அவசரம்னு யாருக்குத் தெரியும்? அக்கா எப்பவும் இப்படித்தானே எழுதுவாங்கன்னு போர்மேன் விட்டுட்டார்."

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக மெஷின்களைச் சோதித்து நோட்டில் குறிக்கும் செக்கர் அவள். ஆறு வருடத்துக்கு முன் இதே மெஷினுக்கு, 'உடனே நிறுத்தவும்' என்று எழுதினாள். "நம்மளையும் அது வீட்டுக்காரர்னு நினைச்சு ஆர்டர் போடுது" என்று போர்மேன் சிரித்தார். மறுநாள் 'பணிவின்மை' என்று மெமோ வந்தது. அடுத்த ஷிப்ட் செக்கர், ஆண்பிள்ளை, அதே இரண்டு வார்த்தை எழுதினார். அரை மணியில் மெஷின் நின்றது.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் 'முடிந்தால்' சேர்த்தாள். முடிஞ்சாக்கா என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள்.

போன செவ்வாய்க்கிழமை தகடு கழன்றது. ஆபரேட்டர் தம்பிக்கு மூன்று விரல்கள் போயின. அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான்.

"தெளிவா எச்சரிக்கலைன்னு ஒரு கையெழுத்து போடுங்க. பேக்கிங்ல உக்கார வைக்கிறோம். இல்லேன்னா வேலையே போயிடும்."

"போட்டுடேன், எதுக்கு வம்பு" என்றது சமையலறைக் குரல்.

அவள் நிமிர்ந்தாள். "என் பழைய மெமோவையும் இதோட வைங்க சார். நான் ஏன் அப்படி எழுதினேன்னு அதைப் பார்த்தாத்தான் தெரியும்."

ஆபீசரின் புருவம் ஏறியது. "இப்ப எதுக்கும்மா கோபப்படறீங்க?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் எதுவோ பழகிய இடத்தில் போய் அடங்கிக்கொண்டது. பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் காகிதத்தின் ஓரத்தில் விழுந்தது. ஆபீசர் அதைக் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு மடித்தார்.

வாசல்வரை கூடவே போனாள்.

"சார், அந்த மெமோ... முடிஞ்சா சேருங்க."

"பாக்கலாம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் திரும்பிப் பார்ப்பார் என்று தெரு முனைவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.