கட்சாலில் என் பல் நகர்ந்த வருஷம்

வாய்க்குள் ஒரு தகரக் கரண்டி நிறைய ஈரமாவை வைத்து அமுக்கினால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு புதினா வாசனை மூக்கு வழியாக ஏறும், அப்புறம் மாவு தொண்டைப் பக்கம் மெல்ல இறங்கி, இத்தோடு நம் கதை முடிந்தது என்று நாம் நினைக்கிற நேரத்தில் அசையாமல் இறுகிப்போகும். எனக்கு அப்போது பதினோரு வயது. பல் டாக்டர் அந்தக் கரண்டியை வெளியே இழுத்தபோது என் மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் மாவில் குழி குழியாகப் பதிந்திருந்தன. பக்கத்தில் நின்ற அப்பா அதை விரலால் அமுக்கி, முகர்ந்தும் பார்த்துவிட்டு, "நம்ம பால் ஒறையிற மாதிரியே ஒறையுதே. ஆசிட் ஊத்துனீங்களா, சாப்?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் ஆசிட் ஊற்றி உறைய வைக்கிற ரப்பர் பால்தான். இலங்கைத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், அங்கிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, கப்பல் மாறிக் கப்பல் ஏறி, நிக்கோபாரின் கட்சால் தீவில் அரசாங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். நட்ட கன்றுகள் பெரிதாகி, முதல் வெட்டு விழத் தொடங்கியிருந்த காலம் அது. விடிந்ததும் "பெரட்டு" என்று நாங்கள் சொல்லும் ஆள் எண்ணிக்கை, அது முடிந்ததும் கத்தியோடு மரத்தடி. ஒரு மரத்துக்கு ஒரு நாள் வெட்டு, மறுநாள் ஓய்வு. மழை பெய்தால் மரத்துக்கும் ஓய்வு, மனுசருக்கும் ஓய்வு, ஏனென்றால் நனைந்த பட்டையில் கத்தி வைத்தால் வெட்டுக்காயம் அழுகிவிடும்.

என் பற்களுக்கு வருகிறேன். கட்சாலுக்கு வந்த கப்பலில், அலையைப் பார்த்த பயத்தில், வாய்க்குள் போட்ட கட்டை விரலை நான் ஒன்பது வயது வரை வெளியே எடுக்கவில்லை. பலனாக முன்பற்கள் நாலும் வாசலுக்கு வந்து யாரையோ எட்டிப் பார்ப்பதுபோல நின்றன. லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் "தேங்காத் துருவி". அதற்கெல்லாம் நான் அழவில்லை. "தேங்காயக் கொண்டாடா, துருவித் தாரேன், பாதி எனக்கு" என்று கையை நீட்டுவேன். உண்மையான கஷ்டம் வேறு. என் உதடுகள் இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. வாத்தியார் "வாய மூடு!" என்று அதட்டினால் வகுப்பே மூடிக்கொள்ளும், நான் ஒருத்தி மட்டும் எவ்வளவு முயன்றாலும் திறந்தபடி நிற்பேன், திமிர் என்று அடி விழும். அடுப்பு ஊதினால் காற்று ஓரமாகப் போய்விடும். காலையில் எழுந்தால் நாக்கு, மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால் மாதிரி கிடக்கும். யாரும் இல்லாதபோது கண்ணாடி முன் நின்று மேலுதட்டை இரண்டு விரலால் இழுத்துக் கீழுதட்டோடு ஒட்டிப் பார்ப்பேன். விரலை எடுத்ததும் சுருட்டிய பாய் மாதிரி மேலே ஓடிவிடும். ஒரு தரம் அப்பா அதைப் பார்த்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த கப்பலில் வைத்தியக் கூட்டம் ஒன்று வந்து பள்ளிக்கூடக் கொட்டகையில் உட்கார்ந்தது. பல் டாக்டர் மெலிந்த வங்காளி, இளவயது, தீவுக்குத் தீவு பல் பிடுங்கிக் கற்றுக்கொண்ட தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். அப்பா என்னை முன்னால் தள்ளி, "இந்த நாலையும் புடுங்கிடுங்க, சாப். புள்ளைக்கு வாய் மூடணும்" என்றார்.

அம்மா பின்னாலிருந்து, "புடுங்கிட்டு? நாளைக்கு கறி, முருங்கக்காயெல்லாம் நீங்களா மென்னு குடுப்பீங்க?" என்றாள்.

டாக்டர் சிரித்தார். "புடுங்க வேணாம். பல் நகரும். தீரே தீரே, மெல்ல மெல்ல."

"பல்லு நகருமா! நகந்து எங்க போவும்?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பல் கல்லில் அடித்த ஆணி இல்லை. மெல்ல ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடும், பின்னால் காலியாகிற இடத்தில் புது எலும்பு வளரும். கொஞ்சம் அழுத்த வேண்டும், பிறகு வளர்வதற்கு நேரம் விட வேண்டும். அவசரப்பட்டால் வேர் கெட்டுவிடும்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பட்டை மாதிரின்னு சொல்லுங்க! ஆழமா வெட்டுனா மரம் செத்துரும். மேலாப்புல சீவுனா பட்டை திரும்ப வளரும்."

"ஆனா ஒண்ணு. மழ முடிஞ்சா எனக்கு மெயின்லேண்டுக்கு ட்ரான்ஸ்ஃபர். இந்த வேல செய்ய இங்க வேற ஆள் இல்ல. அதுக்குள்ள முடிக்கணும்" என்றார் டாக்டர். அப்பா தலையாட்டினார். அன்றைக்குத்தான் அந்தப் புதினா மாவு.

மறு கப்பலில் போர்ட் பிளேரில் டாக்டர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழியெல்லாம் நான் வாந்தி, அப்பா கடல்காற்றில் பீடி பற்ற வைக்க முடியாமல் திண்டாட்டம். டாக்டர் என் அண்ணத்தில் மாட்டியது ஒரு இளஞ்சிவப்புப் பிளேட்டு. நடுவில் இரண்டாகப் பிளந்து, பிளவில் கடுகளவு திருகாணி வைத்து, முன்பற்களுக்குக் குறுக்கே கம்பி ஓட்டியிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு தரம் கொண்டை ஊசி மாதிரிச் சாவியைத் திருகாணியில் விட்டுக் கால் சுற்று சுற்றினால் பிளேட்டு மயிரிழை அகலமாகும், பற்களுக்கு இடம் கிடைக்கும். கிடைத்த இடத்துக்குள் பற்களைக் கம்பி பின்னால் தள்ளும். நாங்கள் போர்ட் பிளேர் போகிறபோதெல்லாம் டாக்டர் கம்பியை இறுக்குவார்.

இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கம்பி போட அழைத்துப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், பெரிய பயம் ஒன்றும் இல்லை. முதல் வாரம் வாயில் எச்சில் அணை உடையும். அம்மா என் கழுத்தில் துண்டு கட்டிவிட்டாள். "சோறு" என்றால் "தோறு" என்று வரும், நான் அதையே சாக்காக வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்காமல் தப்பித்தேன். சாவி சுற்றினால் இரண்டு நாளைக்கு நிறைய மாங்காய் தின்றதுபோல் பல் கூசும், மெல்ல முடியாது, கஞ்சிதான். மூன்றாம் நாள் மறந்துபோகும். பல் லேசாக ஆடும், அதற்கு அலறக் கூடாது, ஆடினால்தானே நகரும். சாப்பிட்டதும் பிளேட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் முந்தாநாள் மீன் வாசம் நாளைக்கும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்ததும் அப்பா என்னை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைப்பார். காகிதத் தடிமனுக்குப் பட்டை சீவுகிற கை அது. சாவியை மட்டும் இரண்டு மூன்று தரம் தவறவிட்டுத்தான் திருகாணிக்குள் நுழைக்கும். நான் வாயைத் திறந்திருக்க, பல்லைக் கடித்துக்கொள்வது அவர்.

பிறகு மழை வந்தது. நிக்கோபார் மழை விருந்தாளி மாதிரி வந்து வீட்டுக்காரன் மாதிரித் தங்கும். தோட்டத்தில் வெட்டு நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சாவியை எடுத்தபோது, பல் கூச்சத்துக்குப் பயந்த எனக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்பா, வாயெல்லாம் ஈரமா இருக்குப்பா. ஈரத்துல கத்தி வைக்கக் கூடாதுன்னு சொல்வீங்கல்ல? அழுகிறாது?"

அப்பா என்னைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார். "ஆமால்ல" என்று சாவியை டப்பாவில் போட்டு மூடினார்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நான் எத்தனை நாள் தனியாகச் சிரித்தேன்! மழை இரண்டு மாதம் விடவில்லை. கடல் கொந்தளித்துக் கப்பலும் தள்ளிப்போனது. வாரா வாரம் சாவி டப்பாவிலேயே கிடந்தது, நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் கப்பல் வந்து, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி நாற்காலியில் நான் உட்கார்ந்ததும், டாக்டர் அளவுகோலை வாயில் வைத்துப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி அளந்தார்.

"நகரவே இல்ல! சாவி சுத்தினீங்களா?"

"மழைங்க, சாப்" என்றார் அப்பா.

"மழையா? மழ வெளிய. பல் உள்ள!"

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "தோ மஹீனா, ரெண்டு மாசம் போச்சு. அடுத்த மாசம் நான் போறேன். இனி யார் செய்வா? அப்பிடியே விட்டா பழைய எடத்துக்கே திரும்பிப் போகும். பொண்ணு வாய் இப்பிடியேதான் இருக்கும். எத்தன தடவ சொன்னேன்!" அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாள் முழுக்கத் திறந்தே கிடந்த என் வாய் அந்த ஒரு நேரத்தில் பேசவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். அப்பா எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். நான் வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தாளில் போட்டேன்.

"அப்பா, ஈரம்னு நான் பொய்தாம்ப்பா சொன்னேன். வலிக்குமேன்னு."

"தெரியும் புள்ள."

"தெரியுமா?"

"எச்சி எந்தக் காலத்துல காஞ்சிருக்கு? எனக்கும் சாவி வைக்க மனசு வரல. நீ கண்ணை மூடிக்கிட்டு காலப் பின்னுவ பாரு, அத என்னால பாக்க முடியாது. தோட்டத்துல மழைன்னு சொன்னா எந்தத் தொரையும் ஏன்னு கேக்க மாட்டான். டாக்டரும் கேக்க மாட்டார்னு நெனச்சிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் பிளேட்டு கழன்று வரும், அதனால் அதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. அப்பா மிச்ச டீயைக் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே டாக்டரிடம் திரும்பப் போனார்.

"கம்பி இறுக்குறத எனக்குச் சொல்லிக் குடுங்க, சாப். நான் செய்யிறேன்."

"நீங்களா?"

அப்பா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். டாக்டர் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். ஒரு உள்ளங்கையைத் திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து, என் வாயை அச்செடுத்து வார்த்த வெள்ளைச் சுண்ணாம்புப் பல்வரிசையை எடுத்து மேசையில் வைத்தார்.

திரும்பும் கப்பல் வரப் பத்து நாள் ஆனது. தினமும் ஆஸ்பத்திரி கூட்டம் கலைந்ததும் அப்பா என் பிளேட்டை அந்தச் சுண்ணாம்பு வாயில் மாட்டி, அதன் முன் உட்கார்ந்து, சின்னக் குறடால் கம்பியின் இரண்டு பக்கத்து வளைவையும் நெல் முனை அளவு நெருக்கக் கற்றுக்கொண்டார். "பஸ், பஸ்! போதும்" என்று டாக்டர் கத்துவார். ஐந்தாம் நாள் கத்தவில்லை. புறப்படும்போது அந்தக் குறடைக் காகிதத்தில் சுற்றி அப்பா சட்டைப்பையில் போட்டார். "வலிக்கும். ஆனா நிறுத்தக் கூடாது" என்று என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். உதடு பழகுவதற்கு ஒரு காகிதத் துண்டை உதட்டால் மட்டும் கவ்விப் பிடிக்கச் சொன்னார். அதன் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

லயத்தில் காகிதத்துக்கு எங்கே போவது? அப்பா ரப்பர் இலை ஒன்றைப் பறித்து வருவார். "கவ்வு புள்ள" என்பார். நான் கவ்வுவேன். அவர் காம்பைப் பிடித்து மெல்ல இழுப்பார். இலை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு சாவி, பிறகு குறடு. மழை பெய்த ஞாயிறும் உண்டு, அப்பா வெளியே பார்க்கவே மாட்டார். நான் காலைப் பின்னாமல் இருக்கக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொள்வேன். எத்தனை இலை என்று எண்ணவில்லை. மரங்கள் இலை உதிர்த்து மறுபடி துளிர்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இழுத்தபோது இலை வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். இலை நடுவில் கிழிந்தது, பாதி அவர் கையில், பாதி என் உதட்டில். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி சத்தத்தையே காணோம்?" என்றாள். வாய் மூடியிருக்கிற சுகத்தைப் பேசிக் கெடுப்பேனா?

அப்பா குறடைக் கீழே வைத்தார். "போதும்."

அம்மா என் மோவாயை நிமிர்த்திப் பார்த்தாள். "இடது பக்கம் ஒண்ணு அரிசியில பாதி நீட்டிக்கிட்டு நிக்குதே?"

"நிக்கட்டும். வாய் மூடிருச்சுல்ல. இனிமே புள்ள வாயில நான் குறடு வைக்க மாட்டேன்."

நகர்ந்த பல் புது இடத்தில் வேர் பிடிக்கும்வரை பிளேட்டை மட்டும் கழற்றாமல் ஒரு வருஷம் போட்டிருந்தேன். பழைய இடத்தைப் பல் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அவர் போன பிறகு வந்த சுனாமியில் கரையோரத்தில் நாங்கள் கப்பல் ஏறிய ஜெட்டி, அந்தக் கொட்டகை, எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருந்த குறடு, பிளேட்டு எல்லாம் கடலோடு போயின. நான் இப்போது போர்ட் பிளேரில் மகள் வீட்டில் இருக்கிறேன். என் பேத்தி கம்பி போட ஒவ்வொரு பல்லிலும் ஒரு மணி ஒட்டி, அதற்கு வாரம் ஒரு கலரில் ரப்பர் கேட்கிறாள். ஈறு கெட்டு ஆடிய என் முன்பற்கள் நாலையும் போன மாதம் எடுத்தாயிற்று. அப்பா நகர்த்திய பற்கள் எனக்கு அறுபது வயது தாண்டும்வரை தாங்கின, அதுவே அதிகம்.

புதுப் பல் கட்டுகிற டாக்டர் சின்னப் பெண். "வரிசையா, அழகா வச்சிரலாம், ஆன்ட்டி" என்றாள். இடது பக்கத்துப் பல் மட்டும் கொஞ்சம் வெளியே இருக்கட்டும் என்றேன். "கோணலா தெரியுமே? எல்லாரும் நேராக்கத்தான வருவாங்க!" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். காரணம் நான் சொல்லவில்லை, கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொள்ளட்டும். மெழுகில் நாலு பல்லையும் நட்டு, வாயில் மாட்டி, கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். உதட்டை மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன்.

"இன்னும் ஒரு இழை வெளிய எடும்மா" என்றேன்.