அம்மா கேட்ட மேட்டு இடம்

"நான் செத்தா உங்கப்பா பக்கத்துல என்னை வைக்காதம்மா. மேட்டுல வை." அம்மா இப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கசந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்ட அப்பாவின் குடியை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை என்றே நினைத்தேன். அதனால் அம்மா இறந்ததும், இருவரையும் சேர்த்துவைப்பதாக எண்ணிக்கொண்டு, அப்பாவின் சிலுவைக்குப் பக்கத்திலேயே குழி வெட்டச் சொன்னேன்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கல்லறை காட்டு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சில நாட்களாக மழையே இல்லை. ஆனாலும் இடுப்பளவு ஆழத்தில் மண் சாம்பல் நிறமாகி, துருப்பிடித்த மாதிரி திட்டுத்திட்டாகத் தெரிந்தது. சேற்று நாற்றம் வேறு. மலைப்பக்கமிருந்து தண்ணீர் கசிந்து குழியில் தேங்கியது.

"மேல பெய்யிற மழையெல்லாம் இங்கதான் வந்து நிக்குது லா," என்றார் குழி வெட்டிய அண்ணன்.

சித்தி அழுதுவிட்டார். "உங்கப்பாவுக்கு வெட்டுனப்பயும் இப்படித்தான். அக்காதான் வாளியில அள்ளி அள்ளி ஊத்துனாங்க. அப்புறம் மழை பெஞ்சாலே தூங்கமாட்டாங்க. அப்பா தண்ணியில கெடக்குறாருன்னு பிள்ளைக்குத் தெரிய வேணாம்னுட்டாங்க."

அந்தக் குழியை மூடச் சொல்லிவிட்டு, மேட்டில் வேறு குழி வெட்டச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபமே இல்லை.

மேட்டில் சிவந்த மண் ஈரமில்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அண்ணே, பக்கத்துல இன்னொரு ஆளுக்கு இடம் விடுங்க," என்றேன்.

அப்பாவின் எலும்புகளை எடுத்து மாற்ற அனுமதி கிடைத்து, போன மாதம் அப்பாவும் மேலே அம்மா பக்கத்துக்கு வந்துவிட்டார். அன்றிரவு பெரிய மழை. அம்மாவுக்கும் சேர்த்து நன்றாகத் தூங்கினேன்.